பறக்கத் தகுதியானது என்று ஒரு கையெழுத்து

விமானம் பறக்க மூன்று வேண்டும் என்று கொட்டகையில் நாங்கள் சொல்லிச் சிரிப்போம்: பெட்ரோல், காற்று, ஒரு வெள்ளைக்காரன் கையெழுத்து. பெட்ரோலை நான் ஊற்றினேன். காற்று சும்மா வந்தது. அந்தக் கையெழுத்தைப் போடும் உரிமைக்காக ஆறு வருடம் நாயாய் உழைத்தேன். கிடைத்திருந்தால், மலாயாவில் அந்த லைசென்ஸை வாங்கிய முதல் தமிழர்களில் ஒருவன் என்று யாராவது என்னைப் பற்றி எழுதியிருப்பார்கள். கிடைக்கவில்லை. அதனால் நானே உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. ஜொகூர் பாருவிலிருந்து செனாய்ப் பக்கம் போகும் சாலையில், ரப்பர் மரங்கள் முடிந்து லாலான் புல் தொடங்கும் ஒரு மேட்டில் எங்கள் மைதானம் இருந்தது. துரைமார் கூடி நடத்திய பறக்கும் கிளப். தோட்ட மானேஜர்கள், வக்கீல்கள், ஒரு பல் டாக்டர் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து இறங்குவார்கள். துணி போர்த்திய இறக்கைகள் மேலும் கீழுமாக அடுக்கிய சின்ன விமானங்கள் இரண்டு, தகரக் கூரைக் கொட்டகை ஒன்று, புல்லின் நடுவே சுண்ணாம்பு வட்டம், கம்பத்தில் காற்றுப்பை. புல் வெட்ட ஏழு ஆட்கள், அத்தனை பேரும் நம் ஜனம். ஆபீஸில் யாழ்ப்பாணத்துக் கிராணியார் ஒருவர் டைப் அடித்துக்கொண்டிருப்பார். எல்லாருக்கும் மேலே கிளப்பின் செக்ரட்டரி துரை. கொட்டகைக்கு மட்டும் எஞ்சினீயர் துரை. அவருக்குக் கீழே நான்.

கீழே என்றால் எவ்வளவு கீழே என்று சொல்லிவிடுகிறேன். காலையில் எஞ்சினைத் திறப்பது நான். பிளக்கைக் கழற்றித் துடைப்பது நான். பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிடாமல் மான்தோலில் வடிகட்டி ஊற்றுவது நான். இறக்கைத் துணியில் கிழிசல் இருந்தால் தைத்துப் பசை பூசுவதும், கம்பிகளை விரலால் சுண்டி இறுக்கம் பார்ப்பதும், புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிவிட்டு உயிர் தப்பப் பின்னால் குதிப்பதும் நான். இதெல்லாம் முடிந்தபின் எஞ்சினீயர் துரை வருவார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பார். 'இன்று பரிசோதித்தேன், இந்த விமானம் பறக்கத் தகுதியானது' என்று அச்சடித்த தாளின் கீழே கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்கு லைசென்ஸ் வேண்டும். அவரிடம் லைசென்ஸ் இருந்தது, என்னிடம் இரண்டு கை இருந்தது.

பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது? பெட்ரோல் டின் வந்த மரப்பெட்டிகளை உடைத்து, அந்தப் பலகைகளில் பென்சிலால் என் பெயரை ஆங்கிலத்தில் எழுதி எழுதிப் பழகுவேன். முதல் எழுத்தின் வாலை வளைத்து, கடைசி எழுத்தின் அடியில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்காக மட்டும் ஒரு வருடம் பழகியிருப்பேன். பழகிய பலகைகளை என் மனைவி அடுப்பில் வைப்பாள். "இன்னைக்கு உங்க கையெழுத்துலதான் சோறு வெந்துச்சு" என்பாள்.

நான் பிறந்தது சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அவரிடம் மட்டுமல்ல, கூலிகளின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் இருந்த எல்லாரிடமும் உண்டு. விடியற்காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது துரை எதற்காவது குரலை உயர்த்தினால், என்ன விஷயம் என்று கேட்கும் முன்பே, "தப்புங்க தொரை" என்று சொல்லிவிடுவது. தலையைக் குனிந்து, துண்டை அக்குளில் இடுக்கி, ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். துரைக்கு ஆறிவிடும். மத்தியானத்துக்குள் யார் என்ன செய்தார்கள் என்பதே மறந்துபோகும். ஒரு வருடம் ஆறு பொங்கி, ஸ்டோரில் இருந்த பால்வாளிகளை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளம் வடிந்த மறுநாள் பெரட்டில் துரை கத்தினார். என் அப்பா முன்னால் வந்து, "தப்புங்க தொரை" என்றார். ஆறு செய்த தப்புக்கு என் அப்பா மன்னிப்புக் கேட்டார். துரை சிரித்துவிட்டுப் போனார், யாருக்கும் தண்டனை இல்லை. லயமே அப்பாவைப் பாராட்டியது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் பால்வெட்டுக்குப் போகாமல் தோட்டத்து எஞ்சின் வீட்டில் சேர்ந்தேன். அங்கிருந்து மானேஜரின் காரைப் பழுது பார்க்கப் போனேன். அந்த மானேஜர் கிளப்பில் சேர்ந்தபோது என்னையும் கூட்டி வந்தார். எஞ்சினுக்கு யார் அப்பன், யார் மகன் என்று தெரியாது. சரியாக முடுக்கினால் ஓடும், தப்பாக முடுக்கினால் நிற்கும். அதனிடம் போய் "தப்புங்க" என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்தது.

லைசென்ஸ் எனக்கும் கிடைக்கலாம் என்ற ஆசை வந்தது ஒரு மழை நாளில். சீமையிலிருந்து தன்னந்தனியாக ஒற்றை எஞ்சின் விமானத்தில் கிளம்பி, தூர தேசம் போகிற சாதனைப் பறவைகளில் ஒருவர், சிங்கப்பூரை எட்ட முடியாமல் எங்கள் புல்லில் வந்து இறங்கினார். எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். மேக்னெட்டோவில் பொறி விடும் இரண்டு முனைகள் தீய்ந்துபோயிருந்தன. தேய்த்துச் சரிசெய்து, இடைவெளியைத் தகட்டால் அளந்து முடுக்கி, எஞ்சினை ஓட்டிக் காட்டினேன். முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அதன்பின் நாங்கள் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். எஞ்சினீயர் துரை சிங்கப்பூரில் ஒரு விருந்துக்குப் போயிருந்தார். கையெழுத்துப் போட ஆள் இல்லை. அந்த விமானி உலகத்தில் பாதியைக் கடந்து வந்தவர், ஒரு பேனாவுக்காகப் பெட்டி மேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் எஞ்சினீயர் துரையின் கார் பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்தது. இறங்கினார். மூடியைத் திறக்கவில்லை. என்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டார், சொன்னேன். தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எஞ்சினைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற அந்தப் பழக்கத்தை, அவர் என் மேல் வைத்த நம்பிக்கை என்று அன்று நினைத்துப் பெருமைப்பட்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

விமானி போகும்முன் எஞ்சினீயரிடம், "இந்த மனிதருக்கு நீங்கள் லைசென்ஸ் வாங்கித் தர வேண்டும்" என்று சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது அவருக்குத் தெரியவில்லை, தெரிந்த எஞ்சினீயருக்கோ சங்கடமாக இருந்தது. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. விமானியும் எஞ்சினீயரும் கை குலுக்குகிறார்கள். பின்னால் புரொப்பெல்லருக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிகின்றன. அவை என்னுடையவை.

ஆனாலும் எஞ்சினீயர் வாக்குத் தந்தார். சிங்கப்பூர் விமானத்துறை ஆபீஸில் பரீட்சை எழுத வேண்டும், அதற்குமுன் உன் வேலைக்கு நான் சிபாரிசுக் கடிதம் தர வேண்டும், தருகிறேன், படி என்றார். படித்தேன். கிராணியார் தன் ஆங்கில அகராதியை எனக்குக் கொடுத்தார். விண்ணப்பத்தை அவரே டைப் அடித்தார். "நீர் பாஸ் பண்ணினீர் எண்டால் இந்தக் கிளப்பிலை பேனா வச்சிருக்கிற ரெண்டாவது தமிழன் நீர்தான்" என்பார். முதலாவது தமிழன் அவர் என்பதில் அவருக்கு ஒரு மிதப்பு. இருந்துவிட்டுப் போகட்டும், நல்ல மனிதர்.

அந்த வருட ஆயுத பூசை வந்தது. புல் வெட்டும் ஆட்கள் அதைக் கொட்டகையிலேயே செய்வார்கள். கத்தி, மண்வெட்டி, என் ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவி, வாழையிலையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றுவோம். பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபடி கற்பூரம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. செக்ரட்டரி துரைக்கு இதைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும். கேமராவோடு வந்து, விமானத்துக்கும் பொட்டு வையுங்கள் என்று அவரே கேட்பார்.

விமானத்துக்குப் பொட்டு வைக்கும் வேலையை நான் வேறு யாரிடமும் விடமாட்டேன். காரணம் இருக்கிறது. இடது பக்க இறக்கைகளுக்கு நடுவே இருக்கும் கம்பத்தில், விரல் தடிமனில் ஒரு குழாய் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கும்போது காற்று அதில் புகுந்து, விமானியின் எதிரே இருக்கும் வேகமானி முள்ளைத் தள்ளும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் எவ்வளவு வேகத்தில் பறக்கிறோம் என்று விமானிக்குத் தெரியாது. அதனால் புரொப்பெல்லரின் நடுவில் ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று, எஞ்சின் மூடியில் ஒன்று, வாலில் ஒன்று என்று நானே வைப்பேன். குழாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோக மாட்டேன். அந்தக் குழாய்க்கு உறை உண்டு. மிச்சமான இறக்கைத் துணியில் என் மனைவி தைத்து, மறந்துபோகாமல் இருக்கச் சிவப்பு ரிப்பன் கட்டித் தந்தது. பறந்து முடிந்ததும் உறையை மாட்டிவிட வேண்டும். இந்த ஊரில் குளவி ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டே அலையும்.

பூசைக்கு முந்தின நாள் மாலை, பூவும் பூசணியும் வாங்க லீவு கேட்டு ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் எஞ்சினீயர் துரை விமானத்தை எடுத்து ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வந்து நிறுத்தியிருக்கிறார். பூசையன்று காலையில் பார்த்தால் குழாயில் உறை இல்லை. தேடினேன், கொட்டகையில் எங்கும் இல்லை. அதற்குள் பூசை ஆரம்பித்துவிட்டது, பொட்டும் வைத்தாயிற்று. சரி, பூசையில் இருக்கிறதை இன்று தொட வேண்டாம், நாளைக்கு எப்படியும் பறக்கும்முன் நான்தானே ஊதிப் பார்க்கப்போகிறேன் என்று விட்டுவிட்டேன். என் பங்குத் தப்பு அதுதான். அதை நான் யாரிடமும் மறுத்ததில்லை, யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

எட்டு மணிக்கு முன்னால் கிளப்பில் யாரும் பறப்பதில்லை. மறுநாள் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு, ஏழு மணிக்கு சைக்கிளில் மைதானத்துக்குத் திரும்பும் வளைவில் வரும்போது எஞ்சின் சத்தம் கேட்டது. புதிதாகப் பறக்கக் கற்றுக்கொண்ட ஒரு தோட்ட மானேஜர், வெயில் ஏறுமுன் பத்து பகாட் ஊர்ப் பக்கம் போய்வர வேண்டும் என்று அவசரப்படுத்தியிருக்கிறார். எஞ்சினீயர் துரை சீக்கிரமே வந்து தாளில் கையெழுத்துப் போட்டு, புல் வெட்டும் ஆட்களை வைத்து விமானத்தை வெளியே தள்ளியிருக்கிறார். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன், கையை ஆட்டிக் கத்தினேன். எஞ்சினீயர் எனக்கும் கையை ஆட்டினார். விமானம் போய்விட்டது. ஊதிப் பார்த்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊதிப் பார்க்கவில்லை. மேலே போன மானேஜர் வேகமானி முள் எழும்பாததைக் கண்டு பயந்து மைதானத்தையே மூன்று தடவை சுற்றினார். பிறகு இறங்க வந்தார். பழகின கை என்றால் காற்றின் சத்தத்தை வைத்தே இறக்கியிருக்கும். இவர் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வேகத்தைக் குறைக்காமல் வந்து, புல் முழுவதையும் தாண்டி, கோடியில் இருந்த வாய்க்காலில் சக்கரத்தை விட்டார். விமானம் மூக்கைக் குத்தி நின்றது. புரொப்பெல்லர் சுக்குநூறு. மானேஜருக்குக் கை எலும்பு முறிந்தது, உயிருக்கு ஒன்றும் இல்லை.

மானேஜரைத் தூக்கி எஞ்சினீயர் துரையின் காரில் ஏற்றும்போது துரை விமானத்தைத் திரும்பிப் பார்த்தார். எஞ்சினைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் காரின் பின் சீட்டில் என் மனைவி கட்டிய சிவப்பு ரிப்பன் கிடந்தது, உறையோடு. அடிபட்டவரின் தலைக்குத் துணி மடித்து வைக்கக் குனிந்தவன் நான், அதனால் பார்த்தேன்.

கார் போனதும் வாய்க்காலில் இறங்கி, மெல்லிய கம்பியால் குழாயைக் குடைந்தேன். மண் வந்தது. சாம்பல் நிறத்தில், உள்ளே இன்னும் ஈரமாக. அதோடு மூன்று குட்டிச் சிலந்திகள், குளவி தன் குஞ்சுக்காகக் கொட்டி மயக்கி வைத்திருந்த இரை. சந்தனத்தின் மஞ்சள் ஒரு துளிகூட இல்லை. தீப்பெட்டியில் இருந்த குச்சிகளைக் கொட்டிவிட்டு, அந்த மண்ணையும் சிலந்திகளையும் அதில் போட்டு மூடிச் சட்டைப் பையில் வைத்தேன். அப்போது எதற்கென்று தெளிவாக யோசிக்கவில்லை. எஞ்சினில் தேய்ந்த பாகத்தை எடுத்துவைத்துக் காட்டுவது எங்கள் வழக்கம், அவ்வளவுதான்.

மத்தியானம் செக்ரட்டரி துரை வந்தார். மூக்கைக் குத்தி நின்ற விமானத்தின் மேல் காய்ந்த சந்தனத்தைப் பார்த்தார். முந்தின நாள் தானே கேட்டு வைக்கச் சொன்ன பொட்டு என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. இந்தச் சாந்துதான் குழாயை அடைத்திருக்கிறது என்றார். எஞ்சினீயர் துரை ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வாயில் பைப்பை வைத்துக்கொண்டு புகையை விட்டார்.

சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். அவர் எங்களோடு மலாயில்தான் பேசுவார். "ஜங்ஙான் சக்காப் பாஞ்ஞாக்" என்றார். அதிகம் பேசாதே என்று அர்த்தம். பிறகு, அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, இங்கிலீஷில் பேசினார். உன் சிபாரிசுக் கடிதத்தை நாளைக்கு எழுதப்போகிறேன், உனக்குப் புரிகிறதா என்றார். எனக்கு நன்றாகவே புரிந்தது. தீப்பெட்டியைக் காட்டினால் அவர் தொழில் போகும், அவர் போனால் என் கடிதமும் போகும். பழியை நான் ஏற்றுக்கொண்டால் கடிதம் வரும். நான் தலையை ஆட்டினேன்.

கிராணியாரிடம் போனேன். "ஐயா, அது சந்தனம் இல்லீங்க. குளவிக் கூடு" என்று அவரிடம் மட்டும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காட்டுறதுக்கு ஏதும் வச்சிருக்கிறீரோ?"

சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. "இல்லீங்க ஐயா" என்றேன்.

"அப்ப நான் சொல்லுறதைக் கேளும். கையிலை ஒண்டும் இல்லாமல் வெள்ளைக்காரனிலை குற்றம் சொல்ல ஏலாது. மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் குடுப்பம். செக்ரட்டரியும் அதைத்தான் கேக்கிறார். ரெண்டு நாள் சத்தம் போடுவினம், பிறகு மறந்துபோவினம்."

என் அப்பா பெரட்டில் நின்று பேசுவது போல இருந்தது. அப்படியும் எனக்கு உறைக்கவில்லை. கிராணியார் டைப் அடித்தார். பூசை செய்யும்போது என் கவனக்குறைவால் சந்தனம் வேகக் குழாயில் புகுந்துவிட்டது, விமானத்துக்கு நேர்ந்த ஆபத்துக்கு நானே பொறுப்பு, இனி இப்படி நடக்காது, மன்னிக்க வேண்டும். நாலு வரிதான். என் கையில் பேனாவைக் கொடுத்தார். முதல் எழுத்தின் வாலை வளைத்து, கடைசி எழுத்தின் அடியில் கோடு இழுத்தேன். வெகு அழகாக வந்தது. "நல்ல கையெழுத்து" என்றார் கிராணியார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "சந்தனம்னு எழுதிக் குடுத்தீங்களா? அப்ப பெட்டிக்குள்ள இருக்கிற சிலந்தி சந்தனம் தின்னா செத்துச்சு?" நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். "அந்தப் பெட்டிய எதுக்கு வச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்க, இல்லாட்டிக் கொண்டுபோயிக் காட்டுங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க" என்றாள். அந்த வீட்டில் புத்தி அவளுக்குத்தான் இருந்தது. நான் இரண்டையும் செய்யவில்லை. தினமும் வேலைச் சட்டையை மாற்றும்போது தீப்பெட்டியையும் பழைய பையிலிருந்து எடுத்துப் புதிய பையில் வைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் போனது. கிராணியார் சொன்ன மாதிரியே எல்லாரும் மறந்துவிட்டார்கள். செக்ரட்டரி துரை என்னைப் பார்த்துப் பழையபடி தலையசைத்தார். மானேஜர் கையில் கட்டோடு வந்து, தமாஷாகத் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, இங்கே பொட்டு வைக்கவில்லையா என்றார். எஞ்சினீயர் துரை வாக்குத் தவறவில்லை, கடிதத்தை அனுப்பினார். நான் பரீட்சைக்குப் படித்தேன். பலகையில் எழுதிப் பழகுவதை மட்டும் விட்டுவிட்டேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

பிறகு நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் எஞ்சினீயர் துரை பெரிய வேலை கிடைத்து வேறு தேசத்துக்குப் போனார். பிரிவு விருந்தில், இந்த நாட்டில் பறக்கும் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர் என்று அவருக்கு வெள்ளித் தட்டு கொடுத்தார்கள். நான் அதற்கு முன்பே விலகி, குளுவாங்கில் ஒரு சீனர் லாரிப் பட்டறையில் சேர்ந்துவிட்டேன். லாரி ஓட யார் கையெழுத்தும் தேவையில்லை. மேலே விமானம் போனால், கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் நிமிர மாட்டேன். காது மட்டும் தானாகவே எஞ்சினைக் கேட்கும், எந்த சிலிண்டர் சரியில்லை என்று சொல்லும். அதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

இனி, அந்த ஆறு வாரம் கழிந்து வந்த காலை. கிராணியார் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டனுப்பினார். சிங்கப்பூரிலிருந்து கவர் வந்திருந்தது. ஏற்கனவே பிரித்துப் படித்துவிட்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. படித்துக் காட்டினார். எஞ்சினீயரின் சிபாரிசு கிடைத்தது, அது மிகவும் உயர்வாக இருக்கிறது. ஆனால் விபத்து அறிக்கையோடு கிளப் அனுப்பிவைத்த கடிதத்தில், விமானத்துக்கு ஆபத்து விளைந்ததற்குத் தம் கவனக்குறைவே காரணம் என்று விண்ணப்பதாரர் தாமே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அப்படிப்பட்டவரைப் பரீட்சைக்கு அனுமதிக்க முடியாது, இனி விண்ணப்பிக்கவும் வேண்டாம்.

என் கடிதத்தை அவர்கள் அறிக்கையோடு சேர்த்துத் தைத்து அனுப்புவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரட்டில் கேட்ட மன்னிப்பு மத்தியானத்துக்குள் காற்றோடு போய்விடும். இது காகிதம். கையெழுத்துப் போட்டவன்தான் பொறுப்பு, அவன் எழுதியதுதான் உண்மை என்பது இந்தத் தொழிலின் முதல் சட்டம். அது தெரிந்துதானே ஆறு வருடம் அந்தக் கையெழுத்துக்கு ஏங்கினேன்? மைதானத்தில் அதை என்னைவிட நன்றாக அறிந்தவன் யாரும் இல்லை. அறிந்தும் என் அப்பா மகனாகவே போய் நின்றேன். அவராவது ஆற்றுக்காக மன்னிப்புக் கேட்டு லயத்து ஆட்களைக் காப்பாற்றினார். நான் யாரைக் காப்பாற்றினேன்?

கிராணியார் தாளை மடித்துக்கொண்டே, "ஒரு சின்ன அத்தாட்சி இருந்திருந்தால் வேறை மாதிரி எழுதியிருப்பன்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

நான் தீப்பெட்டியை எடுத்து அவர் மேஜை மேல் வைத்தேன். அவர் திறந்தார். மண் காய்ந்து பொடியாகியிருந்தது. சிலந்திகளின் கால்கள் சுருண்டு, அப்படியே இருந்தன. குழாயின் வளைவு ஒரு மண்கட்டியில் அச்சு மாறாமல் பதிந்திருந்தது.

"இது எப்ப எடுத்தனீர்?"

"விழுந்த அன்னைக்கே, ஐயா."

"நான் கேக்கேக்கை இல்லை எண்டனீர்."

"ஆமாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கையெழுத்து வைக்கேக்கை இது எங்கை இருந்தது?"

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன். அவர் பெட்டியை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு பேனாவை எடுத்து மூடி போட்டு, எனக்கு எட்டாத மேஜையின் மறுபக்கத்தில் வைத்தார்.